குளியல் தொட்டியில் வள்ளைக்கீரை

துபாயில் அல் கூஸில் இருந்த அந்தக் கேம்ப்புக்கு நான் போனது ஏசித் தண்ணீர் சொட்டுவதை நிறுத்துவதற்காக. இரண்டாயிரத்து ஆறோ ஏழோ இருக்கும். மெக்கானிக்கல் படித்துவிட்டு, ஏசி, குழாய் வேலைகளுக்கு வரைபடம் போடும் ஒரு சின்னக் கம்பெனியில் சேர்ந்து ஓராண்டுகூட ஆகவில்லை. தனியாக ஒரு வேலையை என்னிடம் கொடுத்தது அதுதான் முதல் முறை.

கட்டுமானக் கம்பெனி ஒன்றின் ஆட்கள் தங்கும் கேம்ப் அது. நீளமான இரண்டடுக்குக் கட்டடம், அறைக்கு ஒரு விண்டோ ஏசி. எல்லா ஏசிகளின் முதுகும் பின்சுவரில் துருத்திக்கொண்டு நிற்கும். வெயில் காலம் தொடங்கிவிட்டால் அத்தனையும் இரவு பகலாகச் சொட்டும். சுவரில் பாசி, தரையில் தேங்கிய நீர், அதில் கொசு. நகராட்சியிலிருந்து நோட்டீஸ் வந்திருந்தது. சொட்டும் நீரையெல்லாம் ஒரே குழாயில் சேர்த்துச் சாக்கடையில் விட வேண்டும். அளவெடுத்து வரைபடம் கொடுப்பது என் பொறுப்பு.

வெள்ளிக்கிழமை காலையில் வரச் சொல்லியிருந்தார்கள். மற்ற நாட்களில் விடிவதற்குள் பஸ்கள் எல்லோரையும் சைட்டுக்கு ஏற்றிக்கொண்டு போய்விடும்; அறைகள் பூட்டிக் கிடக்கும். எனக்குப் பட்டியல் இல்லாமல் வேலை ஓடாது. ஏசிகள் எத்தனை, எவ்வளவு உயரம், தரையின் சாய்வு எந்தப் பக்கம், பக்கத்து மேன்ஹோல் எங்கே, தடங்கல் ஏதாவது உண்டா என்று முதல் நாளே எழுதி வைத்திருந்தேன். எங்கள் வீடு இருந்த ஷார்ஜா முவைலாவிலிருந்து கம்பெனி வேனில் வரும்போது மறுபடி ஒரு முறை படித்துக்கொண்டேன்.

கேம்ப் பாஸ் திருச்சூர்க்காரர். தமிழர்களிடம் தமிழ் பேசுவதாக நினைத்துக்கொண்டு பேசுவார்.

"வா மோளே. கண்டோ? முழுக்க வெள்ளம். சொல்லிச் சொல்லி என் வாய் கழைச்சு" என்றபடி என்னைப் பின்பக்கம் கூட்டிப்போனார். "அந்த டப் எல்லாம் தூக்கிக் களையணும். அதும் எழுதிக்கோ." சொல்லிவிட்டு முன்பக்கம் போய்விட்டார்.

தடங்கல் என்ற வரிக்குக் கீழே, "குளியல் தொட்டி, மூன்று" என்று எழுதினேன். எழுதிவிட்டு நிமிர்ந்து பார்த்தவள், பேனாவை மூட மறந்து நின்றுவிட்டேன்.

ஓட்டல்களுக்குப் போக வேண்டிய வெள்ளைக் குளியல் தொட்டிகள். விளிம்பில் கொஞ்சம் உடைந்ததற்காக சைட்டில் ஒதுக்கியவை. செங்கல் அடுக்கி அவற்றை ஒன்றைவிட ஒன்று சற்றுத் தாழ்வாக வைத்திருந்தார்கள். பிவிசி குழாயை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, சுவர் ஓரமாகக் கட்டி, ஏசிகளிலிருந்து விழும் நீரை ஏந்தி, ஒரு ஹோஸ் வழியாக முதல் தொட்டிக்குள் விட்டிருந்தார்கள். அது நிரம்பி இரண்டாவதில் வழிந்தது, இரண்டாவது மூன்றாவதில். மூன்று தொட்டிகளிலும் தண்ணீரே தெரியாத அளவுக்கு வள்ளைக்கீரை. அம்பு முனை போன்ற இலைகள், விளிம்பைத் தாண்டி வெளியே தலை நீட்டும் கொடிகள், நடுவில் வெளிறிய ஊதா நிறத்தில் புனல் போல இரண்டு பூக்கள். சுற்றிலும் சிமெண்டும் தகரமும் டீசல் நாற்றமும். அதற்கு நடுவே இவ்வளவு பச்சையைப் பார்க்கக் கண்கள் கூசின.

சென்னையில் இந்தக் கீரையை நான் பார்த்ததெல்லாம் பாலத்தின் மேலிருந்து, மூக்கைப் பொத்திக்கொண்டுதான். கால்வாயை மூடிக்கொண்டு கிடக்கும். அதைச் சாப்பிடலாம் என்று எங்கள் வீட்டில் யாரும் சொன்னதில்லை.

ஆனால் என்னை அசத்தியது கீரை மட்டும் இல்லை. ஏசி அறையைக் குளிர்விக்கும்போது காற்றிலுள்ள ஈரம் உள்ளே இருக்கும் செம்புச் சுருளில் படிந்து நீராகிறது. எவ்வளவு ஈரத்துக்கு எவ்வளவு நீர் என்று கல்லூரியில் பக்கம் பக்கமாகக் கணக்குப் போட்டிருக்கிறேன். அந்தக் கணக்கின் கடைசியில் அந்த நீருக்கு ஒரே இடம்தான் உண்டு: வெளியேற்றம். அதற்குப் பிறகு அது எங்கே போகிறது என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. இங்கே கடலிலிருந்து எழுந்த ஈரம், தூங்கும் மனிதர்களின் மூச்சு ஈரம், எல்லாம் சொட்டுச் சொட்டாகச் சேர்ந்து ஒரு குளமாகியிருந்தது. மழையும் இல்லை, ஊற்றும் இல்லை. காற்றை வடித்து எடுத்த தண்ணீரில் கீரை நின்றது.

"மேடம், அளவெடுக்கறப்போ அந்தத் தொட்டிய மட்டும் கொஞ்சம் மறந்துடுங்களேன்."

பின்னாலிருந்து குரல் கொடுத்தவர் மன்னார்குடிப் பக்கத்துக்காரர். கம்பி கட்டும் வேலை. வெள்ளிக்கிழமைகளில் தமிழ் மெஸ்ஸின் சமையல் அவர் கையில். அப்போதும் கையில் கரண்டியோடுதான் நின்றார்.

"எப்படி அண்ணே மறக்கறது? குழாய் இது வழியாத்தான் போகணும்."

"குழாய் போட்டா தண்ணி எங்க போகும்?"

"சாக்கடைக்கு."

"அப்போ தொட்டி?"

மூன்றாவது தொட்டிக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து பழுத்த இலைகளைக் கிள்ளிக்கொண்டிருந்தவரை அண்ணன் கரண்டியால் சுட்டிக் காட்டினார். வங்காளதேசத்துக்காரர், டைல்ஸ் ஒட்டும் வேலை. கேம்ப் முழுக்க அவருக்கு 'பாய்' என்றுதான் பெயர்.

"பாய்க்கு ரெண்டு சம்சாரம் மேடம். ஒண்ணு டாக்கா பக்கத்துல இருக்கு. இன்னொண்ணு இந்தத் தொட்டியில இருக்கு. லீவுல ஊருக்குப் போனாரு, ரெண்டே வாரத்துல போன் பண்றாரு. என்ன கேக்கறாருன்னு நெனைக்கிறீங்க? 'அண்ணா, தொட்டில பானி ஹை?' தண்ணி இருக்கான்னு!"

தினம் கேட்கிற கேலி போலிருக்கிறது; மொழி புரியாமலே பாய் சிரித்தார். பிறகு ஒரு தண்டை ஒடித்து என்னிடம் நீட்டினார்.

"கல்மி, மேடம். ஹமாரா தேஷ் மே சப் காதா ஹை. போஹுத் அச்சா." எங்கள் நாட்டில் எல்லோரும் சாப்பிடுவார்கள், ரொம்ப நல்லது என்றார்.

தண்டைப் பிளந்து பார்த்தேன். உள்ளே வெறும் காற்று. கணுவுக்குக் கணு மெல்லிய தடுப்பு. ஒரு அறையில் ஓட்டை விழுந்தாலும் அடுத்த அறை மிதக்கவைக்கும். ஒவ்வொரு கணுவின் அடியிலும் வெள்ளை நூல் போல வேர்கள். எங்கே ஒடித்தாலும் அங்கிருந்து ஒரு புதிய செடி தொடங்கத் தயாராக இருந்தது. இவ்வளவு குறைந்த பொருளில் இவ்வளவு உறுதியான குழாயை நான் எந்த விலைப்புத்தகத்திலும் பார்த்ததில்லை.

பாய் முதலில் பிலிப்பைன்ஸ் கடையிலிருந்து ஒரு கட்டு வாங்கி, இலையைச் சமைத்துவிட்டு, தண்டுகளை பெயிண்ட் வாளியில் போட்டிருக்கிறார். வாளி போதாமல் தொட்டி வந்தது. கொசு முட்டையைத் தின்னக் குட்டி மீன்கள் வந்தன. அரிசி களைந்த நீரும் மீன் கழுவிய நீரும் உரம். இப்போது நான்கு அடுப்புக்குப் போகிறது. பாயின் அறையில் கடுகெண்ணெயில் பூண்டும் காய்ந்த மிளகாயும் தாளித்து, கூனி இறால் பொடி தூவி வதக்குவார்கள். மாடியில் கோடி அறை பிலிப்பைன்ஸ்காரர்கள் சோயாவும் வினிகரும் ஊற்றிச் சுண்டவைப்பார்கள். இலையை மாவில் தோய்த்து அப்பளம் போல மொறுமொறுவென்று பொரிப்பதும் உண்டு. மட்டக்களப்பிலிருந்து வந்த ஒருவர் கங்குங் என்பார், மாசிக் கருவாட்டுத் தூளும் தேங்காய்ப்பாலும் இல்லாமல் தொடமாட்டார். தமிழ் மெஸ்ஸில் ஒரு வாரம் பாசிப்பருப்புக் கூட்டு, மறுவாரம் நெத்திலிக் கருவாட்டோடு பொரியல்.

"எங்கூர்ல மாட்டுக்குப் போடுவோம் மேடம், இல்லாத நாள்ல நாங்களும் திம்போம்" என்றார் அண்ணன். "இங்க வந்து நாலு நாட்டுக்காரன் இதுக்குச் சண்ட போடறான்."

அப்போது மாடியில் ஒரு பம்ப் ஓடும் சத்தம் கேட்டது. வெயில் உச்சத்துக்கு ஏறும் முன் ஏசிகளைக் கழுவ வேறொரு சர்வீஸ் கம்பெனியின் பையன்கள் வந்திருந்தார்கள். அவர்களுக்கும் வெள்ளிக்கிழமைதான் வசதி. அன்றுதான் அறைகள் திறந்திருக்கும். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. டேப்பைப் பிடித்துக்கொண்டு மேன்ஹோல் பக்கம் நடந்தேன்.

திரும்பிப் பார்த்தபோது பிளந்த குழாயில் வெள்ளை நுரை ஓடிவந்துகொண்டிருந்தது. பாய் அதைப் பார்த்து, "சாபுன்" என்று சிரித்தார். சோப்பு இல்லை. ஏசிச் சுருளில் ஒட்டிய அழுக்கை அரித்து எடுக்கத் தெளிக்கும் கெமிக்கல் அது. கையுறை இல்லாமல் தொடக்கூடாது என்று டப்பாவிலேயே போட்டிருக்கும்.

ஓடிப்போய் ஹோஸைத் தொட்டியிலிருந்து பிடுங்கி மணலில் போட்டேன். அதற்குள் கொஞ்சம் விழுந்துவிட்டது. இரண்டாவது தொட்டிக்கு வழியும் இடத்தை பாய் தன் கைலி முனையால் அடைத்துக்கொண்டு, என்னைப் பார்த்தார். முதல் தொட்டியில் மீன்கள் ஒவ்வொன்றாக மேலே வந்து புரண்டன. நுரை பட்ட இலைகளின் ஓரம் எங்கள் கண்ணெதிரே நிறம் மாறியது.

"பாய், சாபுன் நஹி. ஆசிட் ஜைசா ஹை" என்றேன். ஆசிட் மாதிரி என்று கேட்டதும் அவர் முகம் செடிப் பக்கம் திரும்பவில்லை. சமையலறைப் பக்கம் திரும்பியது. காலையில் அறுத்த கீரை அங்கே நான்கு அடுப்பிலும் வெந்துகொண்டிருந்தது.

அண்ணன் உள்ளே ஓடி அடுப்பை அணைத்தார். தட்டோடு வரிசையில் நின்றவர்கள் அடுப்பை எட்டிப் பார்த்தார்கள்.

"கொட்டிடவா மேடம்?"

ஒரு வாரம் முழுக்கச் சைட்டில் வெந்துவிட்டு வந்து அந்த ஒரு நாள் சாப்பாட்டுக்கு நிற்கிறவர்கள். கொட்டு என்று சொல்வது எளிது. சாப்பிடு என்று சொல்வதற்கு எனக்கு நிச்சயம் வேண்டும். எப்போது அறுத்தீர்கள் என்று பாயைக் கேட்டேன். விடியற்காலைத் தொழுகைக்கு முன்பே அறுத்துக் கழுவிக் கொடுத்துவிட்டாராம். மாடிக்குப் போய் சர்வீஸ் பையனைக் கேட்டேன். பம்ப்பை இப்போதுதான் போட்டோம், இதுதான் முதல் அறை என்றான். கெமிக்கல் டப்பாவின் மூடியில் ஒட்டியிருந்த சீல் கிழிந்து தரையில் ஈரம்கூடப் படாமல் கிடந்தது. அது போன ஆண்டு டப்பா இல்லை, அதற்கு முன் வேறு டப்பா திறக்கவும் இல்லை என்று இன்னொரு முறை கேட்டுத் தெரிந்துகொண்டு இறங்கினேன்.

"சாப்பிடலாம் அண்ணே. இது அதுக்கு முன்னாடியே அறுத்தது."

வரிசையின் கடைசியிலிருந்து ஒரு குரல்: "அப்போ மேடம் மொதல்ல சாப்பிடட்டும்!"

"டேய், வாய மூடுடா" என்றார் அண்ணன்.

"நியாயம்தானே, குடுங்க" என்று நான் ஒரு தட்டை எடுத்துக்கொண்டேன்.

நெத்திலி போட்ட பொரியல். தண்டை முதலில் போட்டு, இலையை அடுப்பை அணைக்கும்போதுதான் போட வேண்டும் என்று அண்ணன் சொல்லியிருந்தார். அடுப்பை அவசரமாக அணைத்ததில் இலைகள் பாதிதான் வாடியிருந்தன. தண்டு பல்லில் நறுக்கென்று உடைந்தது. அதன் துளைக்குள் புகுந்திருந்த மசாலாவும் எண்ணெயும் அப்போதுதான் வெளியே வந்தன. இலை வழவழவென்று, சிறுகீரையைவிட மென்மையாக, அடியில் ஒரு மெல்லிய இனிப்போடு. எல்லோரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இன்னும் கொஞ்சம் வேண்டும் என்றேன். வரிசை நகர்ந்தது.

சத்தம் கேட்டு வந்த கேம்ப் பாஸ் செத்த மீன்களைப் பார்த்துவிட்டார்.

"இதாணு ஞான் பறஞ்ஞது. நாளைக்கே பிக்கப் வரும், டப் போகும். கலாஸ்."

பாய் கைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றார்.

"வரைபடம் முடியறவரைக்கும் எதையும் நகர்த்தாதீங்க சார். என் அளவெல்லாம் மாறிடும்" என்றேன். முழுப் பொய் இல்லை.

அவர் என்னையும் தொட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். "ஒரு ஆழ்ச்ச. அடுத்த வெள்ளி ஒரு கொசு கண்டா, ஒரு செத்த மீன் கண்டா, பின்னே பேச்சில்ல."

அன்று மாலை வரை பாயும் அண்ணனும் முதல் தொட்டியைக் காலி செய்தார்கள். தண்ணீரை இறைத்து, அடியில் போட்டிருந்த மணலை வாரி வெளியே கொட்டி, தொட்டியைத் தேய்த்துக் கழுவி, கருகிய இலைகளையெல்லாம் கிள்ளி எறிந்து, நல்ல தண்டுகளைச் சாண் சாணாக வெட்டி, பல முறை அலசி பெயிண்ட் வாளிகளில் நட்டார்கள். நான் கிளம்பும்போது வாளிகளில் இலையே இல்லாத பச்சைக் குச்சிகள் மட்டும் நின்றன. ஒரு வாரத்தில் கேம்ப் பாஸிடம் காட்டுவதற்கு அதில் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. நுரை படாத மூன்றாவது தொட்டியிலிருந்து பாய் எனக்கு ஒரு கட்டு கொடுத்தார். சுவரில் சொட்டும் இடத்திலேயே ஒரு பாட்டில் நீரும் பிடித்துக்கொண்டேன். பம்ப் ஓடாத பக்கத்து ஏசிகளின் நீர்.

வீட்டில் அம்மா கட்டைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தாள்.

"சாக்கடையில மண்டுமே, அதையா கொண்டுவந்திருக்க?"

"இது ஏசித் தண்ணியில வளர்ந்ததும்மா."

"ஏசியில கீரை காய்க்குதா? நல்லா இருக்கு. கைய கழுவிட்டு உள்ள வா."

நான் இன்னும் வேர் விடாத ஒரு நுனித் தண்டை மட்டும் கண்ணாடித் தம்ளரில் வைத்து ஜன்னலோரம் நிறுத்தினேன். மறுநாள் காலை கணுவில் வெள்ளைப் புள்ளிகள். மாலை அலுவலகத்திலிருந்து வந்தபோது அவை வேர்கள். அதற்கு மறுநாள் நுனி ஜன்னல் கம்பியைத் தொட்டிருந்தது. வெறும் தண்ணீர், கொஞ்சம் வெளிச்சம். உணவு எங்கிருந்து வருகிறது, இவ்வளவு வேகத்தில் உடம்பை எதைக்கொண்டு கட்டுகிறது? தண்டு தன்னிடம் சேமித்ததைச் செலவழிக்கிறது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், பல் துலக்கும் முன் போய் அதைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. மூன்றாம் நாள் அம்மாவும் என் பக்கத்தில் வந்து நின்றாள். "நெஜமாவே வளருதுடி" என்றாள். குளிர்பெட்டியில் ஈரத்துணியில் சுற்றியிருந்த மீதிக் கட்டு அன்று இரவு பருப்புக் கூட்டானது. சாக்கடையைப் பற்றி யாரும் பேசவில்லை.

அலுவலகத்தில் நீர் மாதிரிகள் அனுப்பும் ஆய்வகத்துக்கு என் பாட்டிலையும் அனுப்பியிருந்தேன். செம்புச் சுருளில் வழிந்த நீராயிற்றே என்பது என் பயம். பயப்படும் அளவுக்கு எதுவும் இல்லை, கொதிக்கவைத்துச் சமைப்பதற்குத் தடையில்லை என்று அங்கிருந்து சொன்னார்கள். பச்சையாக மட்டும் சாப்பிட வேண்டாம் என்று அண்ணனுக்குப் போன் செய்தேன். "பச்சையா யாரு மேடம் திங்கறா, நாங்க என்ன மாடா?" என்றார்.

பிறகு வரைபடம். ஏசிகளிலிருந்து வரும் நீரெல்லாம் கேட்டபடி ஒரே குழாயில் சேரும். சாக்கடைக்குப் போகும் முன் ஒரு கிளை, அதில் ஒரு வால்வு. வால்வு திறந்திருந்தால் நீர் முதல் தொட்டிக்குப் போய், மூன்றாவதிலிருந்து வழிந்து, திரும்பவும் அதே சாக்கடைக் குழாயில் சேரும். எங்கேயும் தேங்காது. சாக்கடை நீர் எதிர்த்து ஏறாமலிருக்க நடுவில் ஒரு இடைவெளி. ஏசி கழுவும் நாளில் வால்வை மூடிவிட வேண்டும். கழுவிய பிறகும் ஒரு நாள் விட்டுத்தான் திறக்க வேண்டும். தடங்கல் என்று நான் எழுதிய மூன்றும் இப்போது குழாயின் பாகமாகிவிட்டன.

அடுத்த வெள்ளிக்கிழமை கேம்ப் பாஸ் டார்ச் லைட்டோடு வந்தார். பட்டப்பகலில் அதை ஏற்றிக்கொண்டு முதல் தொட்டியின் மேல் குனிந்தார். இலையில்லாமல் நின்ற குச்சிகளை பாய் வார நடுவில் வாளியிலிருந்து தொட்டிக்கு மாற்றியிருந்தார். ஒவ்வொரு குச்சியின் ஒவ்வொரு கணுவிலிருந்தும் இளம் தளிர்கள் கிளம்பி, ஒன்றன் மேல் ஒன்று ஏறி, பாதித் தொட்டியை மூடியிருந்தன. அடியில் புதிய மீன்கள். கேம்ப் பாஸ் சட்டைக் கையை மடித்துவிட்டு, தளிர்களை விலக்கி, தண்ணீருக்குள் கையை விட்டுத் துழாவினார். கொசுப் புழு தேடினார்.

ஒரு புழுவும் சிக்கவில்லை. குனிந்தபடியே கேட்டார்.

"இது ஒரு ஆழ்ச்சயில் வந்ததா?"

"ஒரே ஆழ்ச்ச சேட்டா" என்றார் அண்ணன்.

"என் தலையில் முடி இப்படி வளரில்லல்லோ" என்று கையை உதறிக்கொண்டு நிமிர்ந்தார். வரைபடத்தை வாங்கித் தொட்டி விளிம்பில் விரித்தார். விரல் குழாய் வழியே போய் வால்வில் நின்றது.

"இதை யார் அடைக்கும்?"

"பாய்" என்றேன்.

"பாய் லீவில் போனா? மறந்தா? அன்னு ஆசிட் சாப்பிட்டு நாலு பேர் ஆஸ்பத்திரியில் கிடந்தா, போலீஸ் என்னையாணு விளிக்கும்."

அவர் சொன்னது சரி. என் வரைபடத்தில் அதற்குப் பதில் இல்லை. தொட்டி போய்விட்டது என்றே நினைத்தேன்.

அவர் இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏசி கழுவ யார் வந்தாலும் அறைச் சாவிக்கும் மாடிப் பூட்டுக்கும் முதலில் அவரிடம்தான் வர வேண்டும்.

"வால்வுக்குப் பூட்டு வைக்கப் பற்றுமா?"

"வைக்கலாம் சார். சாவி போட்டுத் திருப்பற மாதிரி வால்வே இருக்கு."

"அப்போ சாவி என்கிட்ட. நான் அடைச்சிட்டுத்தான் அவனுக்கு ரூம் திறந்து கொடுப்பேன். எழுதிக்கோ."

எழுதினேன். அவர் கையெழுத்துப் போட்டார். பாய்க்கு நடந்தது எதுவும் புரியவில்லை. அண்ணனின் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். "டப் ரஹேகா பாய், ரஹேகா" என்று நான் சொன்னதும், தொட்டி இருக்கும் என்று புரிந்து, அப்படியே செங்கல் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"மோளே, போகாதே" என்றார் கேம்ப் பாஸ். "பி பிளாக்கிலும் ஏசி உண்டல்லோ."

டேப்பை எடுத்துக்கொண்டு அவர் பின்னால் போனேன். அடுத்த கட்டடமான பி பிளாக்கின் பின்சுவரில் தொட்டி எதுவும் இல்லை. ஏசிகளிலிருந்து விழுந்த நீர் சிமெண்ட் தரையில் பட்டு, வட்ட வட்டமாகப் பரவி, வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. நாங்கள் முதல் ஏசியை அளந்து முடிப்பதற்குள் பாய் வந்துவிட்டார். கையில் ஈரச் சாக்கில் சுற்றிய தண்டுகள். எங்கே வைப்பது என்று கேட்டார்.